கோசோ தீவில் குழந்தைகளோடு கடலில் இறங்க: முதலில் காற்று, அப்புறம் கரை

நீங்கள் கேட்டது இது: பையனுக்கு நாலு வயது, பெண்ணுக்கு ஒன்பது. உங்களுக்கு நீச்சல் தெரியும், மனைவிக்குத் தெரியாது. மால்ட்டாவை ஒட்டிய கோசோ தீவில் ஒரு வாரம் தங்க நினைக்கிறீர்கள். எந்தக் கரை குழந்தைகளுக்கு ஏற்றது, எந்த மாதம் போகலாம், எல்லோரும் படம் போடும், பக்கத்துக் கோமினோ தீவில் இருக்கும் புளூ லகூனுக்குப் போயே ஆக வேண்டுமா என்பது கேள்வி. நான் கோசோவில் நதூர் என்ற ஊரில் குடும்பத்தோடு ஏழு வருடம் இருந்தேன். என் பிள்ளைகள் இருவரும் நீச்சல் பழகியது அந்தத் தீவின் கடலில்தான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கோசோ நல்ல முடிவு, மாற்றாதீர்கள். முடிந்தால் செப்டம்பர் முதல் இரண்டு மூன்று வாரங்களில் போங்கள். கார் வாடகைக்கு எடுங்கள். எந்தக் கரைக்குப் போவது என்பதை மட்டும் இப்போதே முடிவு செய்யாதீர்கள். அதை அந்தந்த நாள் காலையில் காற்றைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். நான் சொல்ல வந்ததில் முக்கியமானது இதுதான்.

கோசோ கிட்டத்தட்ட 14 கிலோமீட்டர் நீளம், 7 கிலோமீட்டர் அகலம். மொத்தப் பரப்பு 67 சதுர கிலோமீட்டர். எந்த ஊரிலிருந்து கிளம்பினாலும் எதிர்க்கரைக்குக் காரில் அரை மணி நேரம் போதும். தீவு சின்னதாக இருப்பதன் பெரிய நன்மை இது. வடக்குக் கரையில் அலை குமுறும் நாளில் தெற்குக் கரை குளம் மாதிரிக் கிடக்கும். மறுநாள் காற்று திசை மாறினால் எல்லாம் தலைகீழ். 'சிறந்த பத்துக் கடற்கரைகள்' என்று வரும் பட்டியல்களை நம்பிப் போகிறவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். பட்டியலில் முதலிடத்தில் இருக்கும் கரைக்கு ஆசையாகப் போவார்கள், அங்கே சிவப்புக் கொடி பறக்கும், பிள்ளைகள் அழுவார்கள். இருபது நிமிடத் தொலைவில் இன்னொரு கரை அமைதியாகக் கிடப்பது அவர்களுக்குத் தெரியாது.

நம் கடற்கரை ஊர்களில் வாடை, கொண்டல், சோளகம், கச்சான் என்று காற்றுக்குப் பெயர் வைத்திருப்பது போல மால்ட்டாக்காரர்களும் வைத்திருக்கிறார்கள். வடமேற்கிலிருந்து வருவது மயிஸ்த்ரால். வருடத்தில் அதிக நாள் வீசுவது இதுதான். வடகிழக்கிலிருந்து வருவது கிரிகால். தென்கிழக்கிலிருந்து வருவது ஷ்லோக். அது புழுக்கமான காற்று, சில நாள் சகாரா பாலைவனத்துத் தூசியையும் கொண்டுவந்து கார் கண்ணாடியில் செம்மண் பூசிவிடும். இந்த மூன்று பெயர்களும் தெரிந்தால் உங்கள் ஒரு வாரத்துக்குப் போதும்.

நதூர் ஒரு மேட்டில் இருக்கும் ஊர். எங்கள் மொட்டை மாடியிலிருந்து வடக்கே ஒரு கடலும் தெற்கே ஒரு கடலும் தெரியும். பக்கத்து வீட்டில் இருந்த பாட்டிக்கு அப்போதே எண்பது தாண்டியிருக்கும். காலையில் துணி உலர்த்த மேலே வருவார். கொடியில் போட்ட போர்வை எந்தப் பக்கம் எழும்புகிறது என்று ஒரு பார்வை பார்ப்பார். கீழே பிள்ளைகள் வாளியும் மண்வெட்டியுமாக நிற்பதைக் கண்டால், "இன்று ரம்லா வேண்டாம், ஹொன்டொ போங்கள்" என்று அங்கிருந்தே சொல்லிவிடுவார். ரம்லா வடக்குக் கரை, ஹொன்டொ தெற்குப் பக்கத்துக் கரை. ஏழு வருடத்தில் அவர் சொன்னது பிசகியதாக எனக்கு நினைவில்லை.

உங்களுக்கு அந்தப் பாட்டி இருக்க மாட்டார், ஆனால் கைபேசி இருக்கும். வானிலைச் செயலியில் 'வடமேற்குக் காற்று' என்று போட்டிருந்தால் காற்று வடமேற்கிலிருந்து வருகிறது என்று பொருள், வடமேற்கை நோக்கிப் போகிறது என்றல்ல. முதல்முறை பார்க்கிறவர்கள் இதைத் தலைகீழாக எடுத்துக்கொள்வதை நிறையப் பார்த்திருக்கிறேன். வடக்கிலிருந்தோ வடமேற்கிலிருந்தோ காற்று என்றால் தெற்குக் கரைக்குப் போங்கள். தெற்கிலிருந்தோ தென்கிழக்கிலிருந்தோ என்றால் வடக்குக் கரை. இன்னொன்று, காற்று நின்ற உடனே கடல் அடங்கிவிடாது. ராத்திரி முழுக்க மயிஸ்த்ரால் அடித்துக் காலையில் ஓய்ந்திருக்கும், வானம் பளிச்சென்று இருக்கும், ஆனால் வடக்குக் கரையில் அலை மதியம் வரைக்கும், சில சமயம் மறுநாள் வரைக்கும் வந்துகொண்டே இருக்கும். அதனால் நேற்றைய காற்றையும் சேர்த்துப் பாருங்கள்.

இப்போது ரம்லாவுக்கு வருகிறேன். கோசோவின் பெரிய மணற்கரை இதுதான். முழுப் பெயர் ரம்லா இல் ஹம்ரா. மால்ட்டா மொழி அரபு வழியில் வந்தது, ரம்லா என்றால் மணல், ஹம்ரா என்றால் சிவப்பு. உண்மையிலேயே செம்பொன் நிறத்து மணல்தான். உங்கள் பையன் கட்டும் மணல் வீடு செங்கல் வீடு போலவே இருக்கும். நடுவில் வெள்ளை நிறத்தில் ஒரு மாதா சிலை நிற்கிறது, 1881-இல் வைத்தது. மணலுக்கு அடியில் ரோமானியர் காலத்து மாளிகை ஒன்றின் அடித்தளம் புதைந்து கிடக்கிறது. எதிரிப் படகுகள் கரையேறாமல் தடுக்க அப்போது மால்ட்டாவை ஆண்ட புனித யோவான் மாவீரர் சபையினர் 18-ஆம் நூற்றாண்டில் கடலுக்கு அடியிலேயே குறுக்கே ஒரு சுவர் எழுப்பினார்கள், அதன் மிச்சம் இன்னும் தண்ணீருக்குள் இருக்கிறது. உங்கள் பெண்ணுக்கு ஒன்பது வயது என்றால் இந்தக் கதை பிடிக்கும்.

காற்று தெற்கிலிருந்து வரும் நாளில் குழந்தைகளுக்கு ரம்லாவைப் போல ஒரு இடம் தீவில் இல்லை. தண்ணீர் மெல்ல மெல்லத்தான் ஆழமாகும். கோடையில் உயிர்காப்பாளர்கள் இருப்பார்கள், கழிப்பறையும் சிற்றுண்டிக் கடையும் உண்டு, குடை வாடகைக்குக் கிடைக்கும். ஆனால் வடக்குப் பார்த்த கரை. வடக்குக் காற்றோ மயிஸ்த்ராலோ அடித்தால் இங்கே உள்ளிழுக்கும் நீரோட்டம் வரும். அதைக் கண்ணால் கண்டுபிடிக்கப் பழகிக்கொள்ளுங்கள். மணலில் கொஞ்சம் மேடான இடத்தில் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். அலைகள் வரிசையாக வெள்ளை நுரை கட்டி உடையும். நடுவே ஒரு பட்டையில் மட்டும் நுரை இருக்காது, தண்ணீர் அமைதியாக, கொஞ்சம் கலங்கலாக, கடலை நோக்கி நகர்வது போல இருக்கும். விவரம் தெரியாதவர்கள் 'இங்கே அலை இல்லை' என்று அந்த இடத்தில்தான் குழந்தையை இறக்குவார்கள். இழுப்பு இருப்பதே அங்கேதான். மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தக் கூடாது. கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வந்து, அப்புறம் கரைக்குத் திரும்ப வேண்டும்.

கொடிகளையும் சொல்லிவிடுகிறேன். பச்சை என்றால் இறங்கலாம். மஞ்சள் என்றால் கவனம். உங்கள் வீட்டு நிலவரத்துக்கு மஞ்சள் என்றால் கணுக்கால் அளவுத் தண்ணீரோடு சரி. சிவப்பு என்றால் வேண்டாம். ஊதாக் கொடி பறந்தால் பெரும்பாலும் ஜெல்லி மீன் வந்திருக்கிறது என்று அர்த்தம். அவசரத்துக்கு 112. விக்டோரியா நகரில் பொது மருத்துவமனை இருக்கிறது, எந்தக் கரையிலிருந்தும் தூரமில்லை.

ஹொன்டொ இர் ருமீன் என்று எழுத்துக் கூட்டிப் படிக்க வேண்டிய ஒரு சின்ன வளைகுடா கலா கிராமத்துக்குக் கீழே இருக்கிறது. ருமீன் என்றால் மாதுளை. தென்கிழக்கைப் பார்த்தது, எதிரே கோமினோ தீவு கூப்பிடு தூரத்தில் தெரியும். மயிஸ்த்ரால் நாட்களில் நாங்கள் ஓடி ஒளிந்த இடம் இதுதான். மணல் கொஞ்சம், கூழாங்கல் கொஞ்சம், ஓரத்தில் பாறையில் வெட்டிய பழைய உப்பளம். பெரியவர்கள் பாறையிலிருந்து ஏணியில் இறங்கினால் நேராக ஆழம், அடியில் கிடக்கும் கல்லை எண்ணலாம், அவ்வளவு தெளிவு. குழந்தைகள் கரைப் பக்கமே இருக்கலாம். இங்கே ஒரு பெரிய படகுத் துறையும் சொகுசு விடுதியும் கட்டும் திட்டம் வந்தபோது கலா மக்கள் இருபது வருடத்துக்கு மேல் விடாமல் எதிர்த்து நின்றார்கள். உங்கள் பிள்ளைகள் அந்தத் தண்ணீரில் விளையாடப்போவது அவர்களால்தான்.

இந்த ஹொன்டொவில்தான் எனக்கு மறக்க முடியாத ஒரு காலை. என் மகளுக்கு அப்போது ஆறு வயது. நல்ல மயிஸ்த்ரால், வடக்கே கடல் கொந்தளிக்கிறது, இங்கே கண்ணாடி. காற்றடித்து ஊதிய மஞ்சள் நிற மிதவை ஒன்றில் அவளை உட்கார வைத்து, இடுப்பளவுத் தண்ணீரில் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். கரையில் அவள் தம்பி ஏதோ கூப்பிட்டான், திரும்பிப் பார்த்தேன். பத்து நொடி இருக்கும். மறுபடி திரும்பியபோது மிதவை என் கைக்கு எட்டவில்லை. இரண்டு எட்டு வைத்தேன், தண்ணீர் கழுத்துக்கு வந்தது. நீந்த ஆரம்பித்தேன். நான் நீந்தும் வேகத்துக்கு மிதவையும் போய்க்கொண்டே இருந்தது. அவள் அழவில்லை, சிரித்துக்கொண்டுதான் இருந்தாள், ஏதோ விளையாட்டு என்று நினைத்துவிட்டாள். வளைகுடாவின் வாய்க்குப் போவதற்குள் ஒரு சின்னப் படகில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த பெரியவர் பார்த்துவிட்டு, துடுப்பால் இரண்டு தள்ளு தள்ளி மிதவையின் கயிற்றைப் பிடித்துவிட்டார்.

நான் தவறிய இடத்தைச் சொல்கிறேன். கரை ஏன் அமைதியாக இருந்தது? காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசியதால். எந்தக் காற்று அலையை எழுப்பாமல் விட்டதோ, அதே காற்று மேலே மிதக்கும் எதையும் வெளியே தள்ளும். மிதவை பாய்மரம் மாதிரி. அமைதியான கரையைத் தேடிப் போகிற குடும்பங்களுக்கு இருக்கும் பெரிய ஆபத்து இதுதான், யாரும் சொல்வதில்லை. ஆகவே அன்னப்பறவை, குதிரை, டோனட் எதுவும் வாங்காதீர்கள். விடுதியில் சும்மா கொடுத்தாலும் குளத்துக்கு மட்டும். கையில் மாட்டும் ஊதல் வளையத்தையும் நம்ப வேண்டாம், நழுவிவிடும். பையனுக்கு உடம்போடு வார் கட்டும் மிதவைச் சட்டை வாங்குங்கள். அதைப் போட்ட பிறகும் நீங்கள் கை நீட்டினால் தொடும் தூரத்தில் இருக்க வேண்டும். பந்தோ செருப்போ வெளியே போனால் போகட்டும், பின்னால் நீந்தாதீர்கள்.

ஷ்லெண்டி மூன்றாவது இடம். இரண்டு பக்கமும் செங்குத்தான பாறை, நடுவில் நீளமாக உள்ளே நுழைந்து வரும் கடல், தலைப்பில் ஒரு துண்டு மணல், சுற்றிலும் சாப்பாட்டுக் கடைகள். மனைவிக்கு நீச்சல் தெரியாது என்றீர்களே, அவர் நிழலில் காபியோடு உட்கார்ந்தபடியே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள முடிகிற இடம் இது. பெண்ணைக் கூட்டிக்கொண்டு வலது பக்கப் பாறைப் படிகளில் ஏறி இறங்கினால் கரோலினா குகை வரும். அந்தக் காலத்தில் கன்னியாஸ்திரிகள் பிறர் கண் படாமல் குளிக்க வந்த இடம் என்பார்கள். மழை பெய்த மறுநாள் மட்டும் ஷ்லெண்டி வேண்டாம், பள்ளத்தாக்கிலிருந்து ஓடைத் தண்ணீர் வந்து கலங்கியிருக்கும். வளைகுடாவின் வாய் தென்மேற்கைப் பார்த்திருப்பதால் அந்தப் பக்கக் காற்றிலும் சரிப்படாது.

இம்ஜார் இஷ் ஷீனிக்கு ஒரு மாலை போங்கள். 'ஷீனி' என்பது பழைய காலத்துத் துடுப்புக் கப்பல். குறுகலான, ஆழமாக உள்ளே வரும் ஒரு நீர்வழி, முனையில் 1661-இல் கட்டிய காவல் கோபுரம், தலைப்பில் கூழாங்கல் கரை. இவ்வளவு அமைதியான இடத்துக்குப் பின்னால் ஒரு துயரக் கதை உண்டு. 1551-இல் துருக்கியப் படை கோசோவைத் தாக்கி, தீவில் இருந்த ஏறத்தாழ 5,000 பேரையும் அடிமைகளாகப் பிடித்துக்கொண்டு போனது. இந்தத் துறையில்தான் அவர்களைக் கப்பலேற்றினார்கள் என்று ஊரில் சொல்வார்கள். கோசோவில் கடலோரமாக எங்கே திரும்பினாலும் கோபுரம் தெரிவதற்குக் காரணம் அந்தப் பயம்தான். இங்கே இறங்கும் சாலை மிகவும் ஒடுக்கம், எதிரே வண்டி வந்தால் பின்னால் எடுக்க வேண்டும். கார் ஓட்டிப் பழக்கமில்லாதவர்கள் மேலேயே நிறுத்திவிட்டு நடக்கலாம்.

மர்சல்ஃபோர்ன் என்ற கடலோர ஊரில் ஐஸ்கிரீமும் நடைபாதையும் நன்றாக இருக்கும், கடலுக்காகப் போக வேண்டாம். அதைத் தாண்டி ஷ்வெய்னியில் பாறையில் சதுரம் சதுரமாக வெட்டிய உப்பளங்கள் மைல் கணக்கில் தெரியும், சாயங்காலம் பார்க்க வேண்டும். ஓரத்தில் உப்பு விற்பார்கள். உப்பு எடுக்கும் பாத்திகளில் பிள்ளைகளை நடக்க விடாதீர்கள், அது அவர்கள் பிழைப்பு.

மேற்கே ட்வெய்ராவில் உள்நாட்டுக் கடல் என்று ஒன்று உண்டு. குன்றுகளுக்கு நடுவே ஒரு கடற்குளம், அதற்கும் திறந்த கடலுக்கும் இடையே ஏறக்குறைய 80 மீட்டர் நீளத்துக்கு ஒரு பாறைச் சுரங்கம். மீனவர்கள் சின்னப் படகில் அந்தச் சுரங்கம் வழியே வெளியே கூட்டிப்போய்க் காட்டித் திரும்பக் கொண்டுவருவார்கள். இருட்டுக்குள் நுழைந்து நீல வெளிச்சத்தில் வெளியே வரும் அந்தக் கணத்தை என் பிள்ளைகள் இன்னும் பேசுவார்கள். பக்கத்தில் இருந்த நீலச் சாளரம் என்ற பெரிய பாறை வளைவு 2017 மார்ச் 8 அன்று புயலில் இடிந்து கடலுக்குள் போய்விட்டது. பழைய படத்தைப் பார்த்துவிட்டு அதைத் தேடாதீர்கள். கடற்குளத்தில் ஓரமாகக் குளிக்கலாம், ஆனால் படகு வந்து போகும் பாதையை விட்டு விலகியே இருங்கள்.

இரண்டு இடங்களைத் தவிர்க்கச் சொல்வேன். ஒன்று சான் பிளாஸ். ரம்லாவைப் போலவே சிவப்பு மணல், கூட்டம் இல்லை, அழகு. ஆனால் கீழே போகும் பாதை அவ்வளவு செங்குத்து, நாலு வயதுப் பையனைத் தோளில் தூக்கிக்கொண்டு உச்சி வெயிலில் ஏறி வருவது எளிதல்ல. இன்னொன்று வீட் இல் ஆஸ்ரி. படத்தில் பார்த்தால் மனசு போய்விடும். இரண்டு பாறைச் சுவர்களுக்கு நடுவே பாம்பு மாதிரி வளைந்து வரும் கடல். வடக்குப் பார்த்தது, அலை உள்ளே நுழைந்தால் ஒதுங்க இடமில்லை. பிள்ளைகள் பெரியவர்களான பிறகு, கடல் அசையாமல் கிடக்கும் நாளில் போகலாம்.

சரி, புளூ லகூன். அது இருக்கும் கோமினோ வெறும் மூன்றரை சதுர கிலோமீட்டர் தீவு. தண்ணீரின் நிறம் பொய் இல்லை, உண்மையிலேயே அப்படித்தான் இருக்கும். ஆனால் நிழல் கிடையாது, உட்காரப் பாறைதான், ஜூலை ஆகஸ்டில் கால் வைக்க இடமிருக்காது. கூட்டம் தாங்காமல் 2025 முதல் முன்பதிவு கொண்டுவந்துவிட்டார்கள். கட்டணம் இல்லை, ஆனால் நேரம் குறித்துப் பதிவு செய்துவிட்டுத்தான் கரை இறங்க வேண்டும். நாலு வயதுக் குழந்தையோடு நான் போகமாட்டேன். பெண் ஆசைப்பட்டால் காலை முதல் நேரத்துக்குப் பதிவு செய்து, பத்தரைக்குள் திரும்பிவிடுங்கள். ஹொன்டொவிலிருந்து அதே கடலைத்தான் பார்க்கப்போகிறீர்கள்.

மால்ட்டா பெரிய தீவுக்குப் போகிற நாளிலும் ஒரு குளியல் உண்டு. மெல்லீஹாவில் ஆதிரா என்ற வளைகுடா. கிட்டத்தட்ட 800 மீட்டர் மணல், மால்ட்டாவிலேயே நீளமானது. வெகுதூரம் நடந்தாலும் தண்ணீர் இடுப்பைத் தாண்டாது. உயிர்காப்பாளர், கழிப்பறை, பேருந்து எல்லாம் உண்டு. கோசோ படகு ஏறும் சிர்கெவ்வாவுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. மயிஸ்த்ராலுக்கு மறைவான இடம், ஆனால் மிதவை விஷயத்தில் நான் சொன்னது இங்கேயும் பொருந்தும். கிரிகால் நாளில் வேண்டாம். மேற்குப் பக்கம் கோல்டன் பே, ஐன் டுஃபீஹா இரண்டும் அழகுதான், மயிஸ்த்ரால் நேராக மோதும் கரைகள். சிர்கெவ்வாவிலிருந்து கோசோவுக்குப் படகு சுமார் 25 நிமிடம். போகும்போது டிக்கெட் கேட்க மாட்டார்கள், திரும்பும்போது கோசோ துறையில் வாங்க வேண்டும். முதல்முறை போகிறவர்கள் டிக்கெட் கவுண்டரைத் தேடி அலைவார்கள், நீங்கள் நேராக ஏறுங்கள்.

கடலில் இருப்பவற்றைப் பற்றி. முதலாவது ஜெல்லி மீன், நம் ஊரில் சொறி என்போமே, அது. இங்கே கடிப்பது உள்ளங்கை அளவில் ஊதா நிறமாக இருக்கும் ஒரு வகை. கரையை நோக்கி வீசும் காற்றில் கூட்டமாக வந்து சேரும். பட்டால் தேய்க்கக் கூடாது, நல்ல தண்ணீர் ஊற்றக் கூடாது, இந்த வகைக்கு வினிகரும் வேண்டாம். கடல் தண்ணீரால் கழுவி, ஒட்டியிருக்கும் இழையை ஒரு பிளாஸ்டிக் அட்டையால் வழித்து எடுத்து, சமையல் சோடாவும் கடல் தண்ணீரும் சம அளவில் குழைத்து இரண்டு நிமிடம் பூசி வழித்துவிட்டு, ஐஸ் ஒத்தடம் கொடுங்கள். மூச்சுத் திணறினாலோ உடம்பெல்லாம் தடித்தாலோ உடனே 112. பையில் ஒரு சின்ன டப்பா சமையல் சோடா இருக்கட்டும். கோடை முடியும் சமயத்தில் இன்னொரு ஜெல்லி மீன் வரும், அச்சு அசல் ஆஃப்பாயில் மாதிரி நடுவில் மஞ்சள். அது அனேகமாக ஒன்றும் செய்யாது. அதன் குடைக்குக் கீழே குட்டி மீன்கள் ஒளிந்திருக்கும், கண்ணாடி போட்டுக்கொண்டு சற்றுத் தள்ளி நின்று பெண்ணுக்குக் காட்டுங்கள்.

பாறைகளில் கறுப்பாக முள் பந்து போல ஒட்டியிருப்பது கடல் முள்ளெலி. ரப்பர் அடி வைத்த கடல் செருப்பு நாலு பேருக்கும் வாங்கிவிடுங்கள், அது போதும். கரையில் பழுப்பு நிறத்தில் குவியல் குவியலாக இலைச் சருகு கிடக்கும். முகம் சுளிக்காதீர்கள், அது குப்பை இல்லை. பொசிடோனியா என்ற கடல்புல், அதில் இந்த வகை மத்தியதரைக் கடலில் மட்டுமே இருப்பது. தண்ணீர் இவ்வளவு தெளிவாக இருப்பதில் அந்தப் புல்வெளிக்குப் பெரிய பங்கு உண்டு. கரையில் ஒதுங்கும் இலைகள்தான் குளிர்காலப் புயலில் மணல் அரித்துப்போகாமல் காக்கின்றன. அதன் நார் அலையில் உருண்டு உருண்டு உருண்டையாகிப் பழுப்புப் பந்துகளாகக் கிடக்கும், என் மகன் சட்டைப் பையில் நிரப்பிக்கொண்டு வருவான்.

மாதம். கடல் பிப்ரவரி, மார்ச்சில் 15 பாகையில் இருக்கும். ஜூன் தொடக்கத்தில் 20, 21 ஆகும், நமக்குக் கரையில் வியர்க்கும், ஆனால் சின்னக் குழந்தை பத்து நிமிடத்தில் உதடு நீலமாகி வந்துவிடும். ஆகஸ்டில் 26, 27. செப்டம்பரிலும் அந்தச் சூடு அதிகம் குறைவதில்லை, கூட்டம் குறைந்துவிடும். பள்ளி விடுமுறையால் ஆகஸ்டில்தான் முடியும் என்றால், 15-ஆம் தேதியை ஒட்டிய வாரத்தை மட்டும் விட்டுவிடுங்கள். அது சாந்தா மரியா திருநாள், மால்ட்டாவே கோசோவுக்கு வந்துவிடும், படகுக்கு மணிக்கணக்கில் வரிசை நிற்கும். அங்கே ஆகஸ்ட் வெயில் கடுமையானது. காலை ஏழரைக்குக் கிளம்பிப் பத்தரை, பதினொன்றுக்குள் கரையேறி, வீட்டில் சாப்பிட்டுத் தூங்கி, மறுபடி நாலரைக்கு மேல் போங்கள். பிள்ளைகளுக்கு முழுக்கை நீச்சல் சட்டை போட்டால் கிரீம் பூசும் போராட்டம் பாதி குறையும். வழியில் பட்டாணி வைத்த பஸ்திட்ஸி என்ற மால்ட்டாப் பலகாரம் வாங்கிக்கொள்ளுங்கள், சூடாக இருக்கும், பிள்ளைகள் மறுக்க மாட்டார்கள்.

கடைசியாக உங்கள் மனைவி. ஒரு வாரமும் கரையில் பையைக் காத்துக்கொண்டு உட்கார வைக்காதீர்கள். மத்தியதரைக் கடலில் உப்பு அதிகம், லிட்டருக்கு சுமார் 38 கிராம், பெருங்கடல்களில் சராசரி 35. அதனால் மிதப்பது கொஞ்சம் எளிது. ஏற்றவற்றமும் அங்கே ஒரு சாண் அளவுதான், அதனால் காலையில் இடுப்பளவு இருந்த இடம் மாலையிலும் இடுப்பளவுதான் இருக்கும். மெரினாவின் அலையையும் இழுப்பையும் பார்த்துக் கடல் என்றாலே பயந்தவர்களுக்கு இது வேறு கடல். என் மனைவியும் நீச்சல் தெரியாமல்தான் கோசோ வந்தாள். ரம்லாவில் ஒரு செப்டம்பர் காலை, பச்சைக் கொடி, அலையே இல்லை. பிள்ளைகளைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் மணலில் விட்டுவிட்டு, இடுப்பளவுத் தண்ணீரில் அவள் பின்கழுத்துக்கு அடியில் ஒரு கையும் இடுப்புக்கு அடியில் ஒரு கையுமாகப் பிடித்தேன். காது தண்ணீருக்குள் போனதும் பயந்து எழுந்துவிட்டாள். நாலைந்து முறை அப்படி. அப்புறம் வானத்தைப் பார்த்து மூச்சை மெதுவாக விடச் சொன்னேன். இடுப்பில் இருந்த கையை எடுத்தேன், கொஞ்ச நேரம் கழித்துக் கழுத்தில் இருந்ததையும் எடுத்தேன். அவளுக்குத் தெரியவில்லை. கரையிலிருந்து மகள், "அம்மா தானா மிதக்குறாங்க" என்று கத்திய பிறகுதான் தெரிந்தது.